எப்படி இயங்குகிறது? உப்புக் காற்றில் ஒரு பழைய கிரில் மெஷின்

தூத்துக்குடியில் பொழுது சாய்ந்த பிறகு பெரிய சாலைகளில் நடந்தால், பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டியைக் கடைக்குக் கடை பார்க்கலாம். உள்ளே மூன்று நான்கு அடுக்குக் கம்பிகளில் மசாலா தடவிய முழுக்கோழிகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். பின்சுவரில் பதித்த பர்னர்கள் செக்கச்செவேலென்று கனியும். கிரில் மெஷின் என்று நாம் சொல்வது இதைத்தான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கேஸ் கிரில் என்பது விடுமுறை நாளில் கொல்லைப்புறத்தில் குடும்பம் கூடிச் சமைக்கிற சாதனம். நம்மூரில் அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

அதனால் புதுக் கடை போடுகிறவர்கள் பலரும் முதலில் பழைய மெஷினைத்தான் தேடுகிறார்கள். மூடிய கடையிலிருந்து ஒன்று வரும். பெரிய மெஷினுக்கு மாறிய கடையிலிருந்து இன்னொன்று வரும். விற்பவர் வெளித்தகட்டுக்குப் பாலிஷ் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, பிளக்கைச் சொருகிக் கம்பி சுற்றுவதைக் காட்டுவார். கம்பி சுற்றினால் மெஷின் ஓடுகிறது என்று நினைத்து முன்பணம் கொடுத்துவிடுவார்கள். கம்பியைச் சுற்றுவது ஒரு சின்ன கியர் மோட்டாரும் செயினும்தான். அது பழுதானால் ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம். பார்க்க வேண்டியது பின்பக்கம். நான்கைந்து ஸ்குரூ கழற்றினால் கேஸ் பைப்பும், பித்தளை ஜெட்டுகளும், பர்னரின் முதுகும் தெரியும். மெஷினின் நல்லதும் கெட்டதும் அங்கேதான் இருக்கிறது.

பழைய கிரில் மெஷின் வாங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. நல்ல தகட்டில் செய்த பாடி பத்து வருஷம் தாண்டியும் உழைக்கும். ஆனால் பாடி எவ்வளவு பழசாகவும் இருக்கலாம். கேஸ் போகிற வழி பழசாக இருக்கக் கூடாது. ஏன் என்று புரிய, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இடியாப்ப உரல்

இடியாப்பம் பிழிகிறவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். மாவை ஆழாக்கால் அளந்து எடுக்கிறோம். அதற்கேற்ற வெந்நீர் விட்டுப் பிசைகிறோம். உரலில் போட்டு ஒரே சீராக அழுத்துகிறோம். அச்சின் துளைகள் எல்லாம் திறந்திருந்தால் இழை இழையாக இறங்குகிறது. இந்த நான்கில் எது பிசகினாலும் தட்டில் விழுவது இடியாப்பமாக இருக்காது.

கிரில் மெஷினில் மாவின் இடத்தில் கேஸ், வெந்நீரின் இடத்தில் காற்று. ஆழாக்கு என்பது ஜெட்; அதன் நடுவில் இருக்கும் ஊசித்துளைதான் எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்று அளக்கிறது. பிசைகிற பாத்திரம், ஜெட்டுக்கு அடுத்து வரும் மிக்ஸிங் டியூப். உரலை அழுத்துகிற கை, சிலிண்டர் தலையில் இருக்கும் ரெகுலேட்டர். அச்சு, சிவந்து கனியும் அந்த செராமிக் பிளேட்.

முதலில் அழுத்துகிற கையைப் பார்ப்போம். சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். நம்மூர் வெப்பத்தில் அதன் அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு இருக்கும். அதை அப்படியே அடுப்புக்குள் விட முடியாது. வீட்டில் நாம் மாட்டுகிற ரெகுலேட்டர் அதைச் சுமார் 30 மில்லிபாராக இறக்கிக் கொடுக்கிறது. அனுபவமுள்ள மெக்கானிக் இதை அளக்க மீட்டர்கூடத் தேட மாட்டார். ஒரு மீட்டருக்குக் குறையாத வெள்ளை டியூபை ‘ப’ எழுத்தைப்போல் வளைத்து, பாதிவரை தண்ணீர் விட்டு, ஒரு முனையை கேஸ் லைனில் சேர்ப்பார். வால்வைத் திறந்ததும் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி வித்தியாசம் இருந்தால் அழுத்தம் சரி. எல்லா பர்னரையும் ஒன்றாக எரியவிட்டு இன்னொரு முறை பார்ப்பார். அப்போது மட்டம் மளமளவென்று சரிந்தால் ரெகுலேட்டர் களைத்துவிட்டது, அல்லது டியூபில் எங்கோ அடைப்பு.

ஒரு எச்சரிக்கை. கடைகளில் பட்டி அடுப்புக்குப் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேறு. அதில் திருகி அழுத்தத்தை ஏற்றலாம். கிரில் மெஷின்களில் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தவையும் உண்டு, ஹை பிரஷருக்குச் செய்தவையும் உண்டு. எந்த மெஷினுக்கு எந்த ரெகுலேட்டர் என்பது ஜெட்டின் துளையோடு சேர்ந்து முடிவாவது. பழைய மெஷின் வாங்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். கடையில் ஏற்கெனவே கிடக்கிற ரெகுலேட்டரை எடுத்து மாட்டிப் பார்ப்பது கூடவே கூடாது.

ஊசித்துளையின் கணக்கு

அடுத்தது ஜெட். சுண்டுவிரல் நுனி அளவுள்ள பித்தளைத் துண்டு. துளையின் விட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டர் இருக்கும், பல மெஷின்களில் அதைவிடச் சிறிது. கிரில் மெஷினில் மிக மலிவான பாகமும் இதுதான், மிக அதிகமாகப் பாழாக்கப்படுவதும் இதுதான். கடைக்குக் கடை நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

“அண்ணாச்சி, தீ மஞ்சளா வருது. சிலிண்டர் மாத்திப் பாத்தேன், அப்பவும் அப்படித்தான்.”

“ஜெட்டுல ஊக்கு விட்டுக் குத்துனியா தம்பி?”

“அடைச்சிருந்துச்சு, லேசாத்தான் குத்துனேன்.”

“அப்ப ஜெட்டு போச்சு. புதுசு போடணும்.”

அண்ணாச்சி சொல்வது மிகையே இல்லை. துளையின் விட்டம் 0.8 மில்லிமீட்டராக இருந்தது, குத்தியதில் 0.9 ஆனது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் கேஸ் போவது துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 0.64க்கு 0.81 என்றால் கால்பங்குக்கு மேல் கூடுதல் கேஸ். ஆழாக்கு பெரிதாகிவிட்டது, தண்ணீர் பழைய அளவுதான். மாவு இறுகிப்போகும், பர்னரில் தீ மஞ்சளாகும், கரி படியும், கோழித்தோலில் புகை வாசம் ஏறும். சிலிண்டரும் முன்னைவிடச் சீக்கிரம் காலியாகும். அடைத்த ஜெட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காற்றடித்துப் பாருங்கள். திறக்காவிட்டால் அதே எண் உள்ள புது ஜெட் போடுங்கள். ஜெட்டின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்படலாம். பொறுமையாகப் படியுங்கள், எண் மாறினால் மெஷினே மாறிவிடும்.

இப்போது பிசைகிற இடம். புரோப்பேன் முழுதாக எரிய அதன் கொள்ளளவைப் போல் 24 மடங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 மடங்கு. வீட்டு அடுப்பில் இந்தக் காற்றில் ஒரு பகுதிதான் உள்ளே கலந்து வருகிறது. மீதியைத் தீ சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் வீட்டு அடுப்பு கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். கிரில் மெஷினின் செராமிக் பர்னருக்கு அந்தச் சலுகை கிடையாது. தீ எரிவது பிளேட்டின் மேற்பரப்பிலேயே என்பதால், தேவையான காற்று கிட்டத்தட்ட முழுவதும் முன்கூட்டியே மிக்ஸிங் டியூபில் கலந்தாக வேண்டும். பதம் அங்கேயே சரியாக வரவேண்டும். பிறகு திருத்த வழியில்லை.

இடியாப்ப உவமை ஒரே ஒரு இடத்தில் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரை நாம் ஊற்றுகிறோம். காற்றை யாரும் ஊற்றுவதில்லை. ஜெட்டிலிருந்து வேகமாகப் பாயும் கேஸ் தானே சுற்றிலுமுள்ள காற்றை இழுத்துக்கொண்டு டியூபுக்குள் நுழைகிறது. ஃபேன் கிடையாது, பம்பு கிடையாது. அதனால் ஜெட் ஒரு நூல் கோணலாக உட்கார்ந்தாலும், டியூபின் வாயில் கொஞ்சம் தூசி படிந்தாலும் இழுக்கிற காற்று குறைந்துவிடும். பரோட்டாக் கடையில் மைதா தூசிக்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் டியூபின் உட்புறத்தில் பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

சும்மா கிடந்த மெஷின் என்றால் சிலந்தியையும் தேட வேண்டும். குறுகலான குழாய்களுக்குள் வலை பின்னுவது சில வகைச் சிலந்திகளுக்கு மிகவும் பிடிக்கும். 2011இல் மஸ்தா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் கார்களில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் சிலந்தி வலை கட்டியதுதான். கேஸ் பர்னரில் அந்த வலை காற்றை மறித்தால், கேஸ் முன்னால் போகாமல் டியூபின் வாய் வழியே பின்னால் வழிந்து, நாப் பக்கமே தீப்பிடிக்கலாம். பாட்டில் கழுவும் நீளமான பிரஷ் ஒன்று போதும். டியூபைக் கழற்றி உள்ளே விட்டுச் சுழற்றி, மறுமுனையில் வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அச்சு

பர்னரின் முகத்தில் இருக்கும் வெள்ளை செராமிக் பிளேட்டை அருகில் வைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பொடித்துளைகள் வரிசை பிசகாமல் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. கலந்த கேஸ் பின்புறமிருந்து இந்தத் துளைகள் வழியாக வந்து மேற்பரப்பில் எரிகிறது. ஒரு நிமிஷத்தில் பிளேட்டே கனன்று, 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய், அகச்சிவப்புக் கதிரை வீசத் தொடங்கும். கோழியை வேகவைப்பது பெரும்பாலும் அந்தக் கதிர்தான். அதனால்தான் நடுவில் இடைவெளி இருந்தும் தோல் முறுகுகிறது.

இங்கே நியாயமாக ஒரு சந்தேகம் வரும். தீ துளை வழியாகப் பின்னால் போய் உள்ளே இருக்கிற கேஸைப் பற்றவைக்காதா? துளை சிறிதாக இருப்பதன் முழு அர்த்தமும் அதுதான். குறுகிய துளைக்குள் நுழையும் தீயின் வெப்பத்தைச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது, தீ அணைந்துபோகிறது. போதாததற்கு, முன்னோக்கி வருகிற கேஸின் வேகமும் தீயைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 1815இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் செய்த பாதுகாப்பு விளக்கில் கம்பி வலை செய்த வேலையும் இதே வேலைதான்.

பிளேட்டில் ஒரு விரிசல் விழுந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போயிற்று. விரிசல் துளையைவிட நீளமான வாசல். தீ அதன் வழியாக உள்ளே இறங்கும். “உஸ்” என்று ஓர் ஊதல் சத்தம் கேட்கும், பிளேட்டின் சிவப்பு மங்கும், பர்னரின் முதுகு கொதிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே மூடுங்கள். விரிசலில் எம்-சீல் வைத்துப் பூசுகிறார்கள், சிமெண்டுப் பசை தடவுகிறார்கள். இரண்டும் அந்த வெப்பத்தில் நிற்காது. விரிந்த பிளேட்டுக்கு வைத்தியமே கிடையாது, புதிது போடுவது ஒன்றுதான் வழி.

பிளேட்டைச் சுத்தம் செய்வதிலும் கையை அடக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டால் துளைகளின் விளிம்பு உடையும். தண்ணீரில் முக்கினால் நுண்ணிய ஈரம் உள்ளே தங்கும். அந்த ஈரத்தோடு பற்றவைத்தால் ஆவியே பிளேட்டைப் பிளந்துவிடும். பின்புறமிருந்து மெதுவாகக் காற்றடித்து, முன்பக்கத்தை மென்மையான பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டால் போதும். ஒட்டிய கொழுப்பு எரிந்தே போய்விடும். நேற்றைய மாவு காய்ந்து அடைத்த அச்சை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்துகிற நம் வீட்டு வழக்கம் இங்கே உதவாது.

உப்பு

இதுவரை சொன்னது மதுரையில் இருக்கிற மெஷினுக்கும் பொருந்தும். தூத்துக்குடிக்கு என்று ஒரு தனிக் கதை இருக்கிறது.

இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்து அளங்களிலிருந்து வருகிறது. அலையிலிருந்து தெறிக்கும் துளிகளிலிருந்து உப்புத்துகள் காற்றில் ஏறுகிறது. கடற்கரையிலிருந்து எவ்வளவு பக்கத்தில் கடை இருக்கிறதோ அவ்வளவு படிகிறது. திரேஸ்புரத்திலும் புதுத் துறைமுகச் சாலையிலும் இருக்கும் மெஷினுக்கும், ஊருக்கு மேற்கே இருக்கும் மெஷினுக்கும் வயது வேறு.

சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து நிற்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கடையை மூடி மெஷின் ஆறிய பிறகு, தகட்டின் மேல் படிந்திருக்கும் உப்பு கரைந்து ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. மெஷின் ஓடும்போது அதற்கு ஆபத்து குறைவு. சூட்டில் எல்லாம் காய்ந்து கிடக்கும். துருவின் வேலைநேரம் இரவு. ஆறு மாதம் மூடிக் கிடந்த மெஷின், ஆறு வருஷம் ஓடிய மெஷினைவிட மோசமாக இருப்பதை இங்கே பார்க்கலாம்.

“ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, துரு எப்படி?” என்று கேட்பார்கள். அந்தத் தகட்டைக் காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே உண்டாக்கும், கண்ணுக்கே தெரியாத ஓர் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தால் அது தானே ஆறிக்கொள்ளும், ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளிப் புள்ளியாகத் துளைக்கும். அதன் மேல் கொழுப்பு மூடியிருந்தால் ஆக்ஸிஜன் போகாது, காயம் ஆறாது. எனவே துரு முதலில் தோன்றுவது பளிச்சென்று தெரிகிற கதவில் அல்ல. ஸ்குரூ தலைக்கு அடியில், தகடுகள் சேரும் மடிப்பில், கொழுப்பு டிரேயின் விளிம்புக்குக் கீழே. கோழியில் தடவிய மசாலாவின் உப்பும் சொட்டிச் சொட்டி அதே இடத்தில்தான் சேர்கிறது. வெளியிலிருந்து கடல் உப்பு, உள்ளிருந்து மசாலா உப்பு.

தகட்டின் ரகமும் முக்கியம். 304 என்பதில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316இல் மாலிப்டினம் கூடுதலாகச் சேர்வதால் உப்பைத் தாங்கும் சக்தி அதிகம், விலையும் அதிகம். கிரில் மெஷினில் அதை எதிர்பார்க்க முடியாது. மலிவான மெஷின்களில் வருவது 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. கடற்கரையில் அது சீக்கிரம் தோற்கும். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று கடைத்தெருவில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. 202லும் காந்தம் ஒட்டாது. பில்லைக் கேளுங்கள், தகட்டின் முத்திரையைப் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலோட்டமான பழுப்புக் கறை துடைத்தால் போய்விடும், அது பரவாயில்லை. குண்டூசி முனை இறங்குகிற குழி இருந்தால், அதுவும் பர்னர் பதிந்திருக்கும் பின்சுவரில் இருந்தால், அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் உப்போடு வாழும் அறிவு ஊரைவிட்டுப் போகவில்லை. கரைக்கு வந்ததும் படகின் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவுகிற பழக்கம் மீனவர்களிடம் இன்றும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கடைக்காரர்களும் எடுத்துக்கொண்டால் பாதி மெஷின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகாது.

கழுவுகிற நாள்

கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மூட்டுக்கும் ஒன்று. பிறகு கம்பி, டிரே, உள்தகடு எல்லாவற்றையும் வெந்நீரும் சலவை சோடாவும் கலந்த தொட்டியில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். கொழுப்பு தானே கழன்று மிதக்கும். காஸ்டிக் சோடா வேகமாக வேலை செய்யும் என்று சொல்வார்கள். அலுமினியப் பாகம் ஏதாவது இருந்தால் அதை அரித்துத் தின்றுவிடும், கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. கக்கூஸ் கழுவும் ஆசிட்டைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைத்துப் பளபளப்பாக்கும், அதே நேரத்தில் குளோரைடைத் தகட்டின் குழிகளுக்குள் நிரப்பிவைக்கும். ஒரு மாதத்தில் துரு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பிளீச்சிங் பவுடரும் அப்படியே. தேய்க்க நைலான் நார் போதும். சாதா இரும்பு நார் போட்டால் இரும்புத் துணுக்குகள் தகட்டில் பதிந்து அவையே துருப்பிடிக்கும்.

கடைசி அலசல் எந்தத் தண்ணீரில் என்பதைக் கவனிக்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் அலசினால் அத்தனை பாடும் வீண். வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீரை இரண்டு குடம் இதற்கென்று ஒதுக்கிவையுங்கள். அலசிய உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள்.

கதவுகளில் பழைய வெள்ளைக் கயிறு, அட்டை போன்ற அடைப்பு இருந்தால் அது கல்நாராக இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து எடுத்து, பையில் கட்டி அகற்றிவிட்டு, செராமிக் ஃபைபர் கயிறு போடுங்கள். உள்ளே கோழி இருக்கிற இடத்தில் வெள்ளிப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஜிங்க் பூசிய தகடும் ஸ்குரூவும் தீக்கு முன்னால் வேண்டாம். மோட்டாரின் செயினுக்குக் கிரீஸ், பெட்டிக்கு எர்த் வயர்: அவ்வளவுதான் அங்கே வேலை.

கேஸ் வழி

இனி சிக்கனம் பார்க்கக் கூடாத இடம். ரப்பர் டியூப், ரெகுலேட்டர், டியூபைப் பிடிக்கிற கிளிப், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள்: விற்பவர் இவற்றை மெஷினோடு சேர்த்து இலவசமாகத் தந்தாலும் கழற்றி எறிந்துவிடுங்கள். எஃகு வலை பின்னிய சுரக்ஷா டியூபைக்கூட 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன எண்ணெய் நிறுவனங்கள். பழைய மெஷினில் தொங்கும் டியூபின் வயது யாருக்கும் தெரியாது. நாப் இறுகியிருந்தால் எண்ணெய் விடாதீர்கள். வால்வைப் பிரித்து, கேஸ் வால்வுக்கு என்றே விற்கிற கிரீஸ் தடவ வேண்டும், அதுவும் அதன் துளையை அடைக்காத அளவுக்கு. இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

எல்லாம் பூட்டிய பிறகு நாப்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, சோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் பரவி, மேசைக்கு அடியிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்கு இயற்கையில் மணம் கிடையாது. நாம் முகர்கிற அந்த நாற்றம் எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படும் எத்தில் மெர்கேப்டன்.

தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அமைப்பு சில மெஷின்களில் இருக்கும். தீயில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோகக் குச்சி, அதாவது தெர்மோகப்பிள், சூட்டில் மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்கும். அது ஒரு காந்தத்தைப் பிடித்து வால்வைத் திறந்தே வைக்கும். தீ அணைந்து குச்சி ஆறினால் காந்தம் விடும், வால்வு மூடும். நாப்பை அழுத்திப் பிடித்துச் சில நொடி காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். விட்டதும் தீ அணைகிறது என்று பொறுமையிழந்து இந்த அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடியாக இணைத்த மெஷின்கள் சந்தைக்கு வருகின்றன. குச்சியை மாற்றினால் தீர்கிற குறை அது. கடற்காற்று அடிக்கிற திறந்த கடைமுகப்பில் தீ அணைவது சகஜம் என்பதால், இங்கே அந்த அமைப்பு அவசியம் என்றே சொல்வேன்.

முதல் முறை பற்றவைப்பது திறந்த வெளியில் இருக்கட்டும், கோழி இல்லாமல். அரைமணி நேரம் காலியாக ஓடட்டும்; மிச்சக் கொழுப்பும் சோப்பு வாசமும் எரிந்து போகும். கண்ணாடி வழியே பிளேட்டைப் பாருங்கள். ஓரம்வரை ஒரே செம்மஞ்சளாகக் கனிந்தால் பதம் சரி. கறுப்புத் திட்டு இருந்தால் அங்கே துளை அடைத்திருக்கிறது. மஞ்சள் நாக்கு நீண்டால் கேஸ் கூடுதல், காற்று குறைவு. தீ பிளேட்டைவிட்டு எழும்பி நீலமாகத் துடித்தால் காற்றோ அழுத்தமோ அதிகம். மிக்ஸிங் டியூபின் வாயில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மடலையும் ரெகுலேட்டரையும் ஒருசேரப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னச் செய்தி, நம் துறைமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது. உலகம் முழுவதும் விற்கிற வெபர் கெட்டில் கிரில், 1952இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்ற தொழிலாளி, தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த கடல் மிதவையின் உருண்டையைப் பாதியாக வெட்டிச் செய்தது. கடலுக்கு என்று செய்த இரும்பு அடுப்பானது அங்கே. அடுப்புக்கு என்று செய்த இரும்பைக் கடலிடமிருந்து காக்க வேண்டியிருக்கிறது இங்கே.

கடைக்கு மெஷின் வந்த பிறகு செய்ய வேண்டியவை சிலதான். 19 கிலோ வணிக சிலிண்டரையே வையுங்கள், 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். சிலிண்டர் நிமிர்ந்து, மெஷினின் சூடு படாத இடத்தில் நிற்கட்டும். மூடிய அறையில் மெஷினை ஓட்டாதீர்கள். மஞ்சள் தீயில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. இரவு கடை மூடும்போது மெஷின் ஆறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, பிறகு காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. கேஸ் வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள். அந்த எண் இரவு பகல் இயங்குகிறது.

வாங்கப் போகும்போது ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு டார்ச் விளக்கும் கையில் இருக்கட்டும். பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்று சொல்கிறவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.